நடுக்கூடத்து முறைத் தண்ணீர்

கல்லாங்காட்டுப்புதூர் நீரேற்றுக் கூட்டுறவுச் சங்கத்தின் போர்டுத் தேர்தலுக்குத் துளசிமணி மனுக் கொடுத்த அன்று சாயங்காலப் பொழுதோடு அவள் வீட்டு வால்வு மூடப்பட்டது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தலைவர் தெய்வசிகாமணியை எதிர்த்து மனுக் கொடுத்தால் வால்வு மூடும் என்பது அந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். மறுநாள் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், அவளுடைய தண்ணீர் முறை நேரத்தில், அவள் வீட்டுக் குழாய் வெறும் காற்றைப் புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தபோது, நாலு தெரு தள்ளித் தலைவர் வீட்டு நடுக்கூடத்தில், முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம் என்கிற பளபளப்பில் போட்டிருந்த கிரானைட் தரையின் நட்டநடுவில், விரிசல் இல்லாத இடத்தில், ஓட்டை இல்லாத இடத்தில், ஆற்று வாசனையோடு தண்ணீர் ஊறியது. அதிலும் யாரும் ஆச்சரியப்பட நேரமில்லை, ஏனென்றால் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த தலைவரின் சம்சாரம் பருவதம் அதில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஊர் ஆற்றிலிருந்து வெகு தூரம் தள்ளி, வேலாமரத்தையும் கள்ளியையும் தவிர வேறெதையும் வளர்க்க மனமில்லாத செம்மண் மேட்டில் இருந்தது. இப்போது இருப்பவர்களின் அப்பன்மார் ஆளுக்கொரு பங்கு போட்டு, ஆற்றோரம் கிணறு வெட்டி, குழாயைத் தோளில் சுமந்து, தண்ணீரை மேடேற்றினார்கள். மேட்டுத் தொட்டியில் ஏறி நின்ற தண்ணீர் அங்கிருந்து தெருத்தெருவாக, தோட்டம் தோட்டமாக இறங்கும். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வால்வு, ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு முறை. கல்யாண நாளை மறந்தவர்கள் ஊரில் உண்டு, பெற்ற பிள்ளையின் பிறந்த நாளை மறந்தவர்கள் உண்டு, தன் முறையையும் பக்கத்து வீட்டுக்காரன் முறையையும் மறந்தவர்கள் கிடையாது. பேருக்கு எல்லாரும் முதலாளிகள். ஆனால் வால்வைத் திருப்புகிற நீளக்கம்பிச் சாவி ஒன்றே ஒன்றுதான். அது வால்வுக்காரர் மாரப்பனின் தோளில் இருந்தது. மாரப்பன் தெய்வசிகாமணியின் கண்ணசைவில் இருந்தார். "நா என்னங் பண்றது அம்மிணி," என்று மூக்கால் அழுவார் மாரப்பன், "சாவி எங் கையில இருக்குது, எங் கை அவரு கையில இருக்குது."

போன தேர்தலில் மனுக் கொடுத்தவன் துளசிமணியின் புருசன் சென்னியப்பன். அப்போது அவனுக்கு ஒரு குரல் இருந்தது. தோட்டத்தில் நின்று அவன் மாட்டை அதட்டினால் அடுத்த ஊரில் மேய்கிற மாடும் தலையைத் தூக்கிப் பார்க்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு மகாசபைக் கூட்டத்தில் எழுந்து, தலைவர் தோட்டத்துக்கு மட்டும் எல்லா நாளும் முறை எப்படி வருகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான், கேட்ட கையோடு மனுவும் கொடுத்தான். வால்வு மூடியது. தென்னைகள் ஒவ்வொன்றாக மண்டை சாய்ந்தன. மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு தலைவர் வீட்டுக் கேட்டில் போய் நின்றபோது, குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஓஸ் பைப்பில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த தெய்வசிகாமணி, வெண்ணெயில் முக்கி எடுத்த குரலில், "ஒரு மனு எழுதிக் குடு தம்பி, போர்டுல வெச்சுப் பேசலாம். அதுவரைக்கும் குடிக்கத் தண்ணி வேணுமல்ல? ஒரு கொடம் எடுத்துக்கிட்டுக் கேட்டுக்கு வந்துரு" என்றார். அந்தக் கோடை முழுக்க, தினமும், காலை பஸ் போகிற நேரமாகப் பார்த்து, சென்னியப்பன் குடத்தோடு கேட்டுக்கு வெளியே நின்றான். தலைவர் கேட்டுக்கு உள்ளே நின்று ஓஸ் பைப்பால் குடத்தை நிரப்புவார், நிரம்பிய பிறகும் எடுக்க மாட்டார், தண்ணீர் வழிந்து சென்னியப்பனின் காலை நனைத்துச் சேறாக்கும், பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். கோடை முடிந்தபோது வால்வு திறந்தது, சென்னியப்பனின் தொண்டை மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அவன் உதட்டளவில்தான் பேசினான். திருப்பூரில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாகப் போய், மாதத்துக்கு இரண்டு தடவை வந்து, மொட்டைத் தென்னைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

துளசிமணிக்கு ஒரு வித்தை தெரியும், சிறுவயதிலிருந்தே தெரியும். யார் குரலையும் அப்படியே எடுத்து வைப்பாள். மாரப்பனின் மூக்கழுகையும், பருவதத்தின் பெருமூச்சையும், தலைவரின் வெண்ணெயையும், மேட்டுத் தொட்டி மோட்டார் கிளம்பும்போது போடுகிற உறுமலையும், அவள் பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள் ஆளைத் தேடுவார்கள். ஒரு தடவை தலைவர் குரலில் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து "மாரப்பா" என்று அவள் கூப்பிட்டதில், மனுசன் சாவியைத் தூக்கிக்கொண்டு ஊரை இரண்டு சுற்றுச் சுற்றினார். அவளுக்கு வராத குரல் ஒன்றே ஒன்று, புருசனின் பழைய குரல். மாட்டுக் கொட்டகையில் தனியாக நின்று எத்தனையோ முயன்று பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தால் மாடு கூடத் திரும்புவதில்லை. அதையும் அந்த ஓஸ் பைப்பால் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவள் நினைத்தாள். அதற்காகத்தான் மனு. தண்ணீருக்காக என்று ஊர் நினைத்தது, நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

தலைவர் வீட்டில் முதலில் குழாய் ரிப்பேர்காரன் வந்தான். தரையைப் பெயர்த்தான், கீழே இருந்த மண் வறவறவென்று உலர்ந்து கிடந்தது, குழாயும் அந்தப் பக்கம் இல்லை, பெயர்த்த கல்லைத் திரும்பப் பதித்தான், பதித்த கல்லின் மேல் வெள்ளிக்கிழமை விடியற்காலை தண்ணீர் ஊறியது. வீட்டு வேலைக்கு வருகிற சரசு ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்று யோசித்தாள்.

"ஏனுங்க்கா, இது செவ்வாயும் வெள்ளியும் விடியறதுக்கு வருது, பொழுது கெளம்புனா நின்னுக்குது. துளசிமணியக்கா மொறையல்லங்க இது?"

"வாயை மூடிட்டுத் தொடை," என்றாள் பருவதம். ஆனால் சரசு வாயை மூடுகிற ரகம் இல்லை என்று அவளுக்கும் தெரியும், மூட வேண்டும் என்று அவளும் அவ்வளவாக ஆசைப்படவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியும்போது துளசிமணி இடுப்பில் குடத்தோடு தலைவர் வீட்டுக்குப் போனாள். செருப்பை வாசலில் விட்டாள், சேலையைச் செருகினாள், கூடத்துக்குள் வந்து குனிந்தாள். தலைவர் ஊஞ்சலில் கால்களை மடக்கிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்ணா. என்ர மொறைத் தண்ணி இங்க வந்துருக்குதாமா. மோந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"இது எங்கூட்டுத் தண்ணி."

"அப்படீங்களா. இன்னிக்குச் செவ்வாக்கெழமையல்லங்க. உங்களுக்கு எல்லா நாளும் மொறைங்கறது தோட்டத்துக்குத்தானுங்களே, கூடத்துக்குமா?"

தலைவர் பேப்பரைப் புரட்டினார். கூடத்தில் ஊறுவது தன் தண்ணீர்தான் என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை அது எப்படி வந்தது என்று கேட்பார்கள். அவளுடைய தண்ணீர் என்று சொன்னால் மோந்துகொள்ளட்டும் என்றாகிவிடும். வால்வுகளை வைத்து ஊரையே பேச்சில் மடக்கிய மனுசர் ஒரு குடத் தண்ணீரிடம் மாட்டிக்கொண்டு முழித்தார். பருவதம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மோந்துக்க கண்ணு, நல்லா வழிச்சு மோந்துக்க. தொடைக்கறவளுக்கு ஒரு வேலை மிச்சம்."

குடத்தோடு வீட்டுக்கு நடக்கும்போது துளசிமணிக்கு யோசனை வந்தது. யோசனை வந்ததும் நடை நின்றது, குடம் தளும்பியது, நடுத்தெருவில் நின்றபடியே அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு வால்வு மூடினால் ஒரு கூடம் ஈரம். அப்படியானால், ஊரில் இருக்கிற வால்வெல்லாம் மூடினால்?

ரிட்டயர்டு கண்டக்டர் அர்த்தனாரி வீட்டில்தான் முதலில் போய் உட்கார்ந்தாள். அர்த்தனாரி போன வருசம் டீக்கடையில் தலைவர் வரும்போது எழுந்திருக்காமல் டீயைக் குடித்துவிட்டார், மூட்டுவலி, வேறு காரணமில்லை, ஆனால் அந்த டீக்கு அவர் வீட்டு வால்வு ஒரு முழு மாதம் மூடிக் கிடந்தது.

"மனுப் போடுங்க மாமா."

"நானா? ஜெயிக்கோணுமே அம்மிணி."

"மனுப் போட்டவிய எல்லாம் ஜெயிச்சுத்தான் ஆவோணும்னு சட்டமுங்களா? போடுங்க. பொழுதோட மாரப்பண்ணன் வந்து வால்வை மூடுவாரு. மூடட்டும். உங்க தண்ணி எங்கயும் போயிராது. எங்க போவும்னு உங்களுக்கே தெரியும். கொடத்தை எடுத்துக்கிட்டுப் போயி மோந்துக்கலாம். பருவதக்கா நல்லா காப்பி போடுது."

அர்த்தனாரி கொஞ்ச நேரம் மூட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில், ஸ்டாப்பிங்கில் இறங்காமல் ஏமாற்றுகிற பயணியை வசமாகப் பிடித்த காலத்துச் சந்தோசம் மெதுவாக ஏறியது.

"டிக்கெட் வாங்கியாச்சு," என்றார். "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குது. போலாம் ரைட்."

அப்புறம் ஊர் மனுக் கொடுத்தது. வால்வு மூடியதில் முருங்கை கருகியவள் கொடுத்தாள், பெண்ணின் சீர் அன்று குழாயில் காற்று வந்ததால் ஒறம்பரைச் சொந்தங்கள் முன்னால் கூனிப்போனவர் கொடுத்தார், தலைவர் வீட்டு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காக எருமைக்குத் தண்ணீர் இல்லாமல் போனவர் கொடுத்தார், கோபம் என்று தனியாக ஒன்றும் இல்லாதவர்களும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்களே என்று கொடுத்தார்கள், சங்க ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது, வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். எல்லார் மனசுக்குள்ளும் ஒரே படம்தான், அவரவர் காலத்துக் கேட்டும், அவரவர் கையிலிருந்த குடமும். தேர்தல் நடத்த டவுனிலிருந்து வந்திருந்த அதிகாரி, "இவ்வளவு வேட்பாளர்கள் போட்டியிட்டால் வாக்களிக்க யார் இருப்பார்கள் என்பது குறித்து விதிகளில் தெளிவில்லை" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மனுக்களை வாங்கிப்போட்டார்.

மாரப்பன் மூடினார். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு வால்வு, பொழுதோடு ஆரம்பித்தால் ராத்திரிச் சோறு ஆறிப்போகும் வரை திருப்பித் திருப்பி மூடினார். "தோள்பட்டை எறங்கிப் போச்சுங், கொஞ்சம் மெதுவா மனுக் குடுத்தீங்கன்னா ஆவாதுங்களா?" என்று வீடு வீடாக மூக்கால் அழுதார். மூட மூடத் தலைவர் வீட்டுக் கூடத்தில் செவ்வாய், வெள்ளி என்ற கணக்கு அழிந்து, எந்நேரமும் யாருடைய முறையோ நடந்துகொண்டே இருந்தது. கணுக்கால் அளவு வந்தது, கெண்டைக்கால் அளவு வந்தது. வாசல்படி தாண்டி ஒரு சொட்டு வெளியே போகவில்லை. கதவு திறந்தே கிடந்தாலும், தலைவரின் அனுமதிக்குக் காத்திருப்பது போல, தண்ணீர் நிலைப்படி ஓரத்தில் மரியாதையாக நின்றது.

ஊர் அதற்கு ஒரு ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டது. அவரவர் முறைக்கு அவரவர் குடத்தோடு வந்தார்கள். செருப்பை வாசலில் விட்டார்கள், தண்ணீருக்குள் செருப்போடு போவது மரியாதையில்லை. "வாரமுங்க்கா" என்று சொல்லிவிட்டு மோந்தார்கள், "போயிட்டு வாரமுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தோட்டத்துக்காரர்கள் ஜன்னல் வழியாக ஓஸ் பைப்பை விட்டு வாயால் உறிஞ்சி இழுத்து, மேட்டிலிருந்த அந்த வீட்டிலிருந்து பள்ளத்திலிருந்த தென்னந்தோப்புகளுக்குப் பாய்ச்சினார்கள். வயசானவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு வரன் பேசினார்கள், இரண்டு சம்பந்தம் அங்கேயே முடிந்தது. பிள்ளைகள் டிவி மேசைக்கும் பீரோவுக்கும் இடையில் நீச்சல் பழகின. இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "அவரு வால்வை மூடிட்டாருங்க, அதான்" என்று பதில் சொன்னார்கள், அதற்கு மேல் அதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே புரியவில்லை. பருவதம் காப்பி போட்டுப் போட்டுப் பெருமூச்சு விடுவதையே மறந்துவிட்டாள். இருபத்தைந்து வருசமாக அந்த வீட்டுக்குக் கேட்டைத் தாண்டி வந்து, சரசுவைத் தவிர, யாரும் அவளோடு பேசியதில்லை.

தெய்வசிகாமணி ஊஞ்சலை விட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஏறினார். மேசையின் மேல் ஈஸிசேர் போட்டு, அதில் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மோக்க வந்தவர்களிடமே ஓட்டுக் கேட்டார். "நம்ம சங்கம், நம்ம தண்ணி, பாத்துப் போடுங்க" என்றார். "போட்றலாமுங்க, கொஞ்சம் கால நகத்துங்க, கொடம் முட்டுது" என்றார்கள்.

"ஏனுங்க," என்றாள் பருவதம் ஒருநாள், மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்துவிட்டிருந்தது. "வால்வை எல்லாம் தொறந்து உட்ருங்க."

"ஒருத்தனாச்சும் கேட்டுல வந்து நிக்கட்டும். தொறக்கறேன்."

"எல்லாரும்தான் கூடத்துக்கே வந்துட்டாங்களே. இனிக் கேட்டுக்கு எதுக்குங்க வரோணும்?"

"கேட்டுல நிக்காம தொறந்தம்னா," என்றார் தலைவர், அந்த ஒரு தடவை வெண்ணெய் இல்லாமல், "அப்பறம் நா எதுக்கு?"

அதைத்தான் பருவதம் ராத்திரி முழுக்கப் படுக்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கட்டில் லேசாக மிதந்து சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் சங்கத்தில் ஒரு பங்கு இருந்தது, அவள் அப்பன் சுமந்த குழாய்க்குக் கிடைத்த பங்கு. கல்யாணத்தோடு அது அந்த வீட்டு வால்வாகிவிட்டது, அவள் பேர்தான் மிஞ்சியிருந்தது. மனுக் கொடுக்கக் கடைசி நாள், நனைந்த சேலையைப் பிழிந்து உதறிக் கட்டிக்கொண்டு, துளசிமணி முன்மொழிய, சரசு வழிமொழிய, பருவதம் போர்டுக்கு மனுக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஊர் முழுக்கத் தலைவர் வீட்டு முன் கூடிவிட்டது. மனுக் கொடுத்தால் வால்வு மூடும். மூடாமல் விட்டால் அன்றோடு அந்த வழக்கம் செத்துப்போகும், மூடினால் அது அவர் வீட்டு வால்வு. மாரப்பன் கேட்டுப் பக்கத்தில் இரும்பு மூடியைத் தூக்கி, சாவியை வால்வில் நுழைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெரிந்த தலைவரைப் பார்த்தார். மேசை மேல் ஈஸிசேர், ஈஸிசேரில் தலைவர், கழுத்துக்குக் கீழே ஒரு முழத்தில் தண்ணீர்.

"என்னங் பண்றது?" என்றார் மாரப்பன்.

துளசிமணி கூட்டத்தில்தான் நின்றாள். அந்த இடத்தில் தலைவர் குரலில் அவளே "மூடு" என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அது அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

"வழக்கம்னா வழக்கந்தான்," என்றார் தெய்வசிகாமணி. "மூடு."

மாரப்பன் மூடினார். சொந்த வீட்டுத் தண்ணீர் சொந்த வீட்டுக்குப் போக வழியில்லாமல் சொந்த வீட்டுக்கே வந்தபோது, அதுவரை நிலைப்படியில் மரியாதையாக நின்றிருந்த தண்ணீர் மரியாதையை விட்டது. மேட்டுத் தொட்டி மோட்டார் மாதிரி ஒரு உறுமல் உறுமி, கூடம் முழுக்க ஒரே மூச்சில் எழுந்து, ஈஸிசேரையும் அதில் உட்கார்ந்திருந்தவரையும் அலுங்காமல் குலுங்காமல் தூக்கிக்கொண்டு, வாசலைத் தாண்டி, குரோட்டன்ஸைத் தாண்டி, கேட்டைத் தள்ளித் திறந்து, கேட்டுக்கு வெளியே, சென்னியப்பன் ஒரு கோடை முழுக்க நின்ற அதே இடத்தில் இறக்கி வைத்துவிட்டு மண்ணுக்குள் போய்விட்டது. அப்போது காலை பஸ் வந்தது. வழக்கத்துக்கு மாறாக மெதுவாக வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், ஜன்னலில் எல்லாத் தலையும் தெரிந்தது. தலைவர் சேற்றில் காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், ஈஸிசேர் அவரை விடவில்லை.

தேர்தல் நடந்தது. அவரவர் மனுவை அவரவர் வாபஸ் வாங்கிக்கொண்டு, துளசிமணி, பருவதம், அர்த்தனாரி என்று போர்டுக்கு வேண்டிய ஆட்களை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். தலைவருக்கு, அவருடைய ஓட்டைத் தவிர, விழுந்த ஒரே ஓட்டு மாரப்பனுடையது, அதையும் அவர் "பழக்கதோசமுங்" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். போர்டு கூடித் துளசிமணியைத் தலைவராக உட்கார வைத்தது. அவள் மாரப்பனின் தோளிலிருந்து சாவியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, தெருத்தெருவாக, தோட்டம் தோட்டமாக நடந்து, தன் கையாலேயே எல்லா வால்வையும் திறந்தாள். திறக்கத் திறக்க அந்த வீட்டுக் கூடம் உலர்ந்தது. தரையில் கிளிஞ்சலும், பிள்ளைகள் விட்டுப்போன ஒரு ரப்பர் செருப்பும் கிடந்தன. பருவதம் அப்பன் வீட்டுப் பங்கைத் தன் பேரில் தனி வால்வாக்கிக்கொண்டு, தோட்டத்துச் சாளை வீட்டுக்குக் குடிபோய்விட்டாள்.

ஒரே ஒரு வால்வுக்கு முன்னால் மட்டும் துளசிமணி நின்றாள், இரும்பு மூடியைக் காலால் தள்ளிப் பார்த்தாள், திறக்காமல் வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெய்வசிகாமணி வீட்டு முறை நேரத்தில், துளசிமணியின் சமையலறையில், அடுப்பு மேடைக்குக் கீழே, தண்ணீர் ஊறியது. அவள் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். ஒரு குடத்தைத் தயாராகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். வழித்து மோந்தால் சரியாக ஒரு குடம் இருந்தது. பெரிய வீடுதான், ஆனால் இப்போது ஒரு ஆள்தானே. திங்கட்கிழமையும் ஊறியது, செவ்வாயும் ஊறியது. அவருக்குத்தான் எல்லா நாளும் முறையாயிற்றே.

லீவுக்கு வந்திருந்த சென்னியப்பன் ஈரத்தைக் கால் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"தொறந்து உட்ரு துளசி," என்றான் உதட்டளவில். "தரை ஊறிப் போவுது."

"ஒரு கொடந்தானுங்க மாமா. தாங்கும்."

"நாளைக்கு நீயும் அவராட்ட ஆயிருவ."

"ஆனா என்ன? எங்கூட்டுத் தரைதான் ஊறுது, எனக்குத் தெரிஞ்சுதான் ஊறுது. அவருக்குச் சேர வேண்டியதுல ஒரு சொட்டு நா எடுக்கறதில்ல." குடத்தை இடுப்பில் வைத்தாள். "கொண்டு போயிக் குடுத்துட்டுத்தான் வாரேன்."

அப்படித்தான் தினமும் நடந்தது. பஸ் வருகிற நேரமாகப் பார்த்து அவள் போவாள். கேட்டு இப்போது உள்ளிருந்து திறக்கும். தெய்வசிகாமணி தன் குடத்தோடு வெளியே வந்து, அந்த இடத்தில் நிற்பார். அவள் ஊற்றுவாள். மெதுவாக, குடம் நிரம்பி வழிந்து காலை நனைக்கிற வரைக்கும் ஊற்றுவாள். அப்புறம் ஒருநாள், "இன்னும் எத்தனை நாளைக்கு அம்மிணி?" என்றார். அவருடைய வெண்ணெயை அப்படியே எடுத்து, அவர் தலையைச் சாய்க்கிற சாய்ப்போடு, "ஒரு மனு எழுதிக் குடுங்க, போர்டுல வெச்சுப் பேசலாம்" என்று அவள் சொன்னபோது பஸ்ஸில் சிரித்தவர்கள் அடுத்த ஸ்டாப்பிங் வரைக்கும் சிரித்தார்கள். அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது, காலிக் குடத்துக்குள் வாயை வைத்து, ஒரு தடவை அந்தப் பழைய குரலைக் கூப்பிட்டுப் பார்த்தாள். குடம் அவள் குரலையே திருப்பிக் கொடுத்தது.

அடுத்த லீவுக்குச் சென்னியப்பன் வந்த அன்று, அவள் கைகழுவிவிட்டு வருவதற்குள் சமையலறையில் குடத்தைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால், தோளில் குடத்தோடு அவன் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தான். மொட்டைத் தென்னைகளுக்கு முதுகைக் காட்டவில்லை, அவற்றின் பக்கமாகவே நடந்து போனான். அவள் பின்னாலேயே போகவில்லை. மாட்டுக் கொட்டகை வாசலில், தீவனத் தட்டுக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பஸ் வரும் சத்தம் கேட்டது. பஸ் நின்ற சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. அவன் ஊற்றிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு நாலு தெருவையும் தாண்டி, தோட்டத்தையும் தாண்டி, அது வந்தது.

"ஒரு மனு எழுதிக் குடுங்க. போர்டுல வெச்சுப் பேசலாம்."

அதில் வெண்ணெய் இல்லை, யாரையும் போல இல்லை. கொட்டகையில் இருந்த மாடு தீவனத்திலிருந்து தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஊரிலும் மாடுகள் திரும்பியிருக்கும்.

துளசிமணி கூடையைக் கீழே வைத்தாள். உள்ளே போய், மூலையில் சாத்தியிருந்த வால்வுச் சாவியை எடுத்து, முந்தானையால் துரு இல்லாமல் துடைத்து, மறுபடியும் அதே மூலையில் சாத்தினாள். அடுப்படிக்குக் கீழே தரை இன்னும் ஈரமாக இருந்தது. துணியை எடுத்துத் துடைத்தாள், ரொம்ப அழுத்தித் துடைக்கவில்லை. அந்த மனு வரட்டும், போர்டில் வைத்துத்தான் பேச வேண்டும். அடுத்த போர்டுக் கூட்டம் கோடை முடிந்த பிறகுதான்.